மிஷினுக்குக் கடன் உண்டு, பிளேடுக்கு?

கடன் வழங்கிய பின் வாடிக்கையாளரின் தொழிலிடத்திற்கு நேரில் சென்று, வாங்கிய பொருள் அங்கே உள்ளதா, உழைக்கிறதா என்று பார்த்து வருவது வங்கி அலுவலரின் கடமைகளுள் ஒன்று. மும்பையில் எங்கள் கிளையின் எல்லைக்குள் தச்சுத் தொழில் செய்யும் வாடிக்கையாளர் ஒருவரின் பட்டறைக்கு அவ்வாறு ஒருநாள் சென்றிருந்தோம். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே பழைய அடுக்குமாடி வீடுகளில் பழுதுபார்ப்பு வேலை செய்து வருபவர். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் அவருக்குக் கடன் வழங்கியிருந்தோம். விலைப்புள்ளியில் கண்டிருந்த டிரில், ஜிக்சா, மல்டி டூல் மூன்றும் பட்டறையில் இருந்தன; அந்த அளவில் எங்கள் படிவம் நிறைவடைந்தது. ஆனால் மல்டி டூல் மட்டும் துணியில் சுற்றப்பட்டு, பெட்டிக்குள், அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அதைக் கொண்டு செய்யவேண்டிய வேலையை, அதாவது கதவு நிலையின் அடிப்பகுதியை அறுத்தெடுக்கும் வேலையை, அவர் உளியும் கைரம்பமும் கொண்டு செய்துகொண்டிருந்தார்.

காரணம் கேட்டோம். "பெட்டிக்குள்ள வந்த பிளேடெல்லாம் முதல் வாரத்துலயே தீர்ந்துபோச்சு சார். மிஷினுக்குக் கடன் கொடுத்தீங்க. அதோட பல்லுக்கு யார் கொடுப்பா?" என்றார்.

எங்களிடம் விடை இல்லை. கடன் விண்ணப்பத்தைப் பரிசீலித்தபோது விலைப்புள்ளியில் இருந்த தொகையைப் பார்த்தோம். கடை உண்மையானதா என்று பார்த்தோம். மாத வருமானத்திற்குத் தவணை ஒத்துவருமா என்றும் பார்த்தோம். கருவி ஒவ்வொரு மாதமும் எவ்வளவு தின்னும் என்று மட்டும் கேட்கவில்லை. அதற்குள் அவருக்கு இரண்டு தவணைகள் நிலுவையாகியிருந்தன. நிலுவை 90 நாள்களைக் கடந்தால் அக்கடன் வாராக்கடன் என வகைப்படுத்தப்படும். கடன் மதிப்பெண் சரியும். அடுத்த கடனுக்கான கதவு பல ஆண்டுகள் அடைபடும். பெட்டியில் உறங்கும் ஒரு கருவியால் இத்தனையும் நேரக்கூடும் என்பதை அன்று கண்டோம். மல்டி டூல் வாங்க எண்ணும் தச்சர், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், வீட்டைத் தாமே செப்பனிட விரும்பும் வாடிக்கையாளர் ஆகிய அனைவரையும் கருதி, அந்தக் கருவியைப் பற்றியும் அதன் கணக்கைப் பற்றியும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் கருவி. சுற்றும் ரம்பத்தைப் போல இது சுழல்வதில்லை. ஜிக்சாவைப் போல மேலும் கீழும் செல்வதுமில்லை. உள்ளே மோட்டார் சுழலும். மையம் விலகிய ஒரு தாங்கி அந்தச் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும். முனையில் பொருத்திய பிளேடு மூன்று நான்கு பாகை அளவுக்குள் இடமும் வலமுமாக நடுங்கும். நிமிடத்திற்கு ஏறத்தாழ 8,000 முதல் 20,000 முறை வரை. கண்ணுக்கு அசைவே தெரியாது. காதுக்கு மட்டும் தெரியும்.

இந்த எண்ணம் பிறந்தது மரவேலைக்காக அன்று. ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம், 1895இல் முதல் மின் கைத்துளைக் கருவியைச் செய்த அதே நிறுவனம், 1967இல் மருத்துவமனைகளுக்காக ஒரு ரம்பத்தை உருவாக்கியது. எலும்பு முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டை வெட்டுவதற்கான ரம்பம் அது. கெட்டியான கட்டு அசையாது நிற்பதால் பிளேடு அதை அறுத்துவிடும். அடியிலிருக்கும் தோல் மென்மையானது, பிளேடோடு சேர்ந்து அசைந்து கொடுப்பதால் எளிதில் வெட்டுப்படாது. கையிலோ காலிலோ மாவுக்கட்டுப் போட்டுப் பின்னர் பிரித்தவர்கள் அந்தச் சத்தத்தை மறந்திருக்கமாட்டார்கள். அந்த நுட்பமே வளர்ந்து இன்று தச்சர் கைக்கு வந்திருக்கிறது. ஆனால் மரத்துக்கான பிளேடின் பல் வேறு. மருத்துவமனைக் கதையை நம்பி விரலை அருகே கொண்டுசெல்வது ஆபத்து.

இந்தக் கருவி நமக்குத் தேவையா என்பதே அடுத்து எழும் கேள்வி. கடையில் காட்டும்போது எல்லாவற்றையும் செய்யும் கருவியாகவே அது தோன்றும். மரம் அறுக்கும், ஆணி வெட்டும், டைல்ஸ் இடுக்கில் உள்ள கிரவுட்டைச் சுரண்டும், மூலைகளை உப்புத்தாளால் தேய்க்கும், ஒட்டிய பசையை வழிக்கும். இவை அனைத்தும் உண்மை. ஆனால் நீளமான ஒரு பலகையை இதைக் கொண்டு அறுப்பது, ஊசியால் கிணறு வெட்டுவதற்கு ஒப்பானது. ஜிக்சாவோ வட்ட ரம்பமோ ஒரு நிமிடத்தில் முடிக்கும் வெட்டுக்கு இது பத்து நிமிடம் எடுக்கும். அத்துடன் ஒரு பிளேடையும் மொட்டையாக்கும். வேறு எந்தக் கருவியும் நுழைய முடியாத இடத்தில்தான் இதன் பெருமை. பழைய தரையின்மீது புதிய டைல்ஸ் அல்லது பலகைத்தளம் பதிக்கும்போது நிலையைப் பெயர்க்காமலே அதன் அடியை அறுப்பது, பொருத்தி முடித்த சமையலறை அலமாரியின் முதுகுப் பலகையில் சுவிட்சுப் பெட்டிக்கு நாற்சதுர ஓட்டை போடுவது, கரையான் தின்ற நிலைக்காலில் கெட்ட பகுதியை மட்டும் எடுத்து ஒட்டுப் போடுவது, துருவேறிக் கழற்ற இயலாத கீலின் திருகாணியைச் சுவரோடு சுவராக வெட்டுவது ஆகியவை இதற்கு உரிய வேலைகள். மாதத்தில் இத்தகைய வேலை நான்கைந்து வருமானால் கருவி சொந்தமாக இருப்பது நல்லது. ஆண்டில் இரண்டு முறைதான் வரும் என்றால் வாடகைக்குக் கிடைக்குமா, தெரிந்த தச்சரிடம் அந்த வேலையை மட்டும் ஒப்படைக்கலாமா என்று பார்ப்பதே சரி. கடன் கொடுக்கும் வங்கியின் அலுவலர் இவ்வாறு எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். திரும்பி வராத கடனைவிடக் கொடுக்காத கடன் இரு தரப்புக்கும் நல்லது.

வாங்குவது என்று முடிவானால் பெட்டியின்மேல் எழுதியிருப்பவற்றுள் மூன்று செய்திகளைப் படிக்கவேண்டும். வாட் எண் மோட்டாரின் திறனைச் சொல்லும். அசைவுப் பாகை வெட்டும் வேகத்தைச் சொல்லும். பாகை கூடினால் ஒவ்வோர் அசைவிலும் பல் அதிகம் கடிக்கும், கையில் நடுக்கமும் கூடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் உண்டா என்பது மூன்றாவது; மரத்துக்கு ஏற்ற வேகம் உலோகத்துக்கு ஆகாது என்பதால் அது இல்லாத கருவி வேண்டாம். சில நிறுவனங்கள் இவற்றைப் பெயரிலேயே வைத்துவிடுகின்றன. பாஷ் நிறுவனத்தின் ஜி.ஓ.பி. 30-28 என்ற கருவி 300 வாட், 2.8 பாகை, 55-36 என்றால் 550 வாட், 3.6 பாகை. வீட்டுப் பயன்பாட்டுக்கும் அவ்வப்போது வரும் நிலை அறுப்புக்கும் 300 வாட் போதும். நாள்முழுதும் தேக்கு நிலைகளோடு போராடுபவர் மேலே செல்லவேண்டும்.

மின்கம்பி உள்ளதா, பேட்டரியில் இயங்குவதா என்பதும் பணக் கணக்கே. கடையில் விலை குறைவாகத் தெரியும் பேட்டரிக் கருவி பல நேரம் வெறுங்கருவியாகவே இருக்கும். பேட்டரியும் சார்ஜரும் தனி. அதே நிறுவனத்தின் அதே வோல்ட் பேட்டரியில் இயங்கும் டிரில் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் வெறுங்கருவி உண்மையிலேயே மலிவு. இல்லையெனில் மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தபின் கம்பியுள்ள கருவியின் விலையோடு ஒப்பிடுக. பெயிண்ட் வேலை முடியாத, மின் இணைப்பு வராத புதிய கட்டடங்களில் வேலை செய்பவருக்குப் பேட்டரி கட்டாயத் தேவை. பட்டறையில் வேலை செய்பவருக்கு அது பெரும்பாலும் ஆசையே.

இனி எல்லாவற்றினும் முக்கியமானது. கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாததும் அதுவே: பிளேடு பொருந்தும் தலை. ஒரு டிரில்லின் வாயில் எந்த நிறுவனத்தின் பிட்டும் பொருந்தும். மல்டி டூலில் அப்படியில்லை. திருகாணியால் பிடிக்கும் தட்டையான தலை ஒரு வகை. அதற்கு உரிய பிளேடுகளைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. ஃபைனும் பாஷும் சேர்ந்து 2016இல் கொண்டுவந்த ஸ்டார்லாக் மற்றொரு வகை. அதன் பிளேடின் நடுப்பகுதி தட்டையாக இராமல் குழிந்த நட்சத்திரம்போல் இருக்கும்; கருவியின் தலையில் வைத்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், சாவி தேவையில்லை. பிடிப்பு உறுதியானது. ஆனால் பழைய தட்டைப் பிளேடு அந்தத் தலையில் ஏறாது. ஸ்டார்லாக்கிலும் மூன்று தரங்கள் உள்ளன. ஸ்டார்லாக்மேக்ஸ் தலையில் மூன்று தரப் பிளேடுகளும் பொருந்தும். ஸ்டார்லாக்பிளஸ் தலையில் இரண்டு. சாதாரண ஸ்டார்லாக் தலையில் அந்த ஒரு தரம் மட்டுமே. இவையன்றித் தமக்கென்று தனித்தலை வைத்து, தம் பிளேடை மட்டுமே வாங்கச் செய்யும் கருவிகளும் உண்டு.

ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் பிளேடைத் தேர்ந்தெடுங்கள். மும்பை நாகதேவித் தெருவானாலும், உங்கள் ஊரின் ஹார்டுவேர் கடையானாலும், எந்தத் தலைக்கான பிளேடு ஒற்றையாகக் கிடைக்கிறது, எத்தனை கடைகளில் கிடைக்கிறது, என்ன விலை என்று முதலில் விசாரியுங்கள். எங்கள் தச்சர் வாங்கியிருந்தது தனித்தலைக் கருவி. விலைப்புள்ளியில் மற்றவற்றைவிட விலை குறைவாக இருந்தது என்பதற்காக அவரும் அதையே விரும்பினார், நாங்களும் மகிழ்ந்தோம்.

பிளேடுகளின் வகை குறித்துச் சிறிது தெரிந்திருந்தால் பாதிச் செலவு மிச்சம். அதிகக் கரியுள்ள எஃகுப் பிளேடு மலிவானது. ஆணியில்லாத மரம், பிளைவுட், ஜிப்சம் பலகை, பிளாஸ்டிக் குழாய் ஆகியவற்றுக்கு அது போதும். ஓர் ஆணியைச் சந்தித்தால் பல் போய்விடும். இரட்டை உலோகப் பிளேடில் வளையும் எஃகு உடலோடு கடினமான அதிவேக எஃகுப் பல் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆணியும் திருகாணியும் எங்கே இருக்கும் என்று தெரியாத பழைய மரத்துக்கு உரியது அது. டங்ஸ்டன் கார்பைடுப் பல் உள்ள பிளேடு இன்னும் கடினம். கடினமான திருகாணி, துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றையும் அறுக்கும், விலையும் அதற்கேற்ப. பல்லே இல்லாமல் கார்பைடுத் துகளோ வைரத் துகளோ பூசிய அரைவட்டப் பிளேடு கிரவுட் சுரண்டுவதற்கு. நம் நாட்டுப் பழைய வீடுகளில் தேக்கு நிலைகள் மிகுதி. தேக்கில் இயல்பாகவே மணற்சத்தான சிலிகா இருப்பதால் ஆணி இல்லாவிட்டாலும் மலிவுப் பிளேடின் கூர் விரைவில் மழுங்கும். தச்சர்கள் தேக்கு இழைக்கும்போது உளியை அடிக்கடி தீட்டுவதன் காரணமும் அதுவே.

இப்போது கணக்குக்கு வருவோம். கீழ்வரும் எண்கள் கணக்கின் போக்கை விளக்குவதற்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை. சந்தை விலைகள் அல்ல. உங்கள் கடை விலையையும் உங்கள் குறிப்பேட்டையும் கொண்டு இவற்றை மாற்றிக்கொள்ளுங்கள்.

கருவியின் விலை 9,000 ரூபாய், மூன்று ஆண்டு உழைக்கும், அதன்பின் விற்றால் ஒன்றும் கிடைக்காது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குத் தேய்மானம் 3,000. மாதம் பத்து நிலைகள் அறுத்தால் ஆண்டுக்கு 120. ஒரு நிலைக்குக் கருவியின் பங்கு 25 ரூபாய். அடுத்து, ஆணியுள்ள பழைய மரத்தில் 150 ரூபாய் மலிவுப் பிளேடு ஒரே நிலையோடு முடிகிறது. 450 ரூபாய் இரட்டை உலோகப் பிளேடு ஆறு நிலைகளை முடிக்கிறது. 1,200 ரூபாய் கார்பைடுப் பிளேடு இருபது நிலைகள் வரை தாங்குகிறது எனக் கொள்வோம். நிலை ஒன்றுக்கு முறையே 150, 75, 60 ரூபாய் ஆகிறது. விலை குறைந்த பிளேடே செலவு மிகுந்ததாக இருக்கிறது.

அப்படியானால் எல்லோரும் கார்பைடு வாங்கவேண்டுமா? வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். 60க்கும் 75க்கும் வேறுபாடு சிறிது. 1,200 ரூபாய் ஒரே பிளேடில் முடங்கும். அது கீழே விழுந்து பல் உடைந்தாலும், வேலைத்தளத்தில் காணாமற் போனாலும் முழுத்தொகையும் நட்டம். கையில் பணப்புழக்கம் குறைவான தொழிலாளருக்கு இரட்டை உலோகமே நடுநிலை. ஆணி இல்லை என்று உறுதியான புதிய பிளைவுட் வேலைக்கு மலிவுப் பிளேடும் கிரவுட்டுக்கு ஒரு துகள் பிளேடும் தனியே இருக்கட்டும். இருபது முப்பது துண்டுகள் சேர்த்து மலிவாக விற்கும் கலவைப் பெட்டியில் பாதி நீங்கள் தொடவே தொடாத வடிவங்களாக இருக்கும். பயன்படும் துண்டுகளின் விலையை மட்டும் வகுத்துப் பார்த்து வாங்குக.

இரட்டை உலோகத்தையே எடுத்துக்கொண்டால் 120 நிலைகளுக்கு ஆண்டுக்கு 20 பிளேடுகள், 9,000 ரூபாய். நாம் கருவிக்குக் கொடுத்த முழுவிலையும் அதுதான். அதாவது ஒவ்வோர் ஆண்டும் இன்னொரு கருவியின் விலையைப் பிளேடாகக் கொடுக்கிறோம். மூன்று ஆண்டில் கருவி 9,000, பிளேடு 27,000. எங்கள் கிளையில் பரிசீலித்தது இந்த 36,000இல் நான்கில் ஒரு பங்கை மட்டுமே என்பதை எண்ணும்போது தச்சரின் கேள்வி இன்னும் காதில் ஒலிக்கிறது.

தனித்தலைக் கருவியின் மலிவையும் இதே கணக்கில் நிறுத்திப் பார்க்கலாம். அதன் விலை 3,000 ரூபாய் குறைவு. ஆனால் பிளேடு ஒன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் என்று கொள்வோம். மூன்று ஆண்டில் 60 பிளேடுகளுக்கு 6,000 கூடுதல். மிச்சம் 3,000 போக, 3,000 நட்டம்.

இனி இந்தப் பணம் எங்கிருந்து வரவேண்டும் என்பது. வணிகவியல் மாணவர்களுக்கு முதலாண்டிலேயே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு: பல ஆண்டு பயன்படும் பொருளுக்கு நீண்டகாலப் பணம், தீர்ந்துபோகும் பொருளுக்கு நடைமுறை மூலதனம். கருவி முதல் வகை; அதற்குத் தவணைக் கடன் பொருந்தும். பிளேடு இரண்டாம் வகை. மூன்றாண்டுத் தவணையில் வாங்கிய பிளேடு மூன்று வாரத்தில் குப்பைக்குப் போனபின் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பது எவருக்கும் கசக்கும். பிளேடின் பணம் அந்தந்த வேலையிலிருந்தே வரவேண்டும். மேற்கண்ட கணக்கில் ஒரு நிலைக்குக் கருவியும் பிளேடும் சேர்ந்து 100 ரூபாய். கூலிக்கு மேல் இந்த 100 ரூபாயை விலை பேசும்போதே சேர்க்கவேண்டும். பசைக்கும் ஆணிக்கும் கணக்குச் சொல்லி வாங்கும் தச்சர்கள் பிளேடை மட்டும் தம் கைச்செலவாக எண்ணிவிடுகிறார்கள்.

தொடக்கத்தில் முதல் இரண்டு மாதத்திற்கான பிளேடுகளைக் கருவியோடு சேர்த்தே விலைப்புள்ளியில் எழுதச் சொல்லுங்கள். அதைக் கடனில் சேர்ப்பதில் தவறில்லை, முதல் வேலையின் பணம் வரும்வரை கருவி நிற்காது. அதன்பின் வேலைதோறும் கிடைக்கும் பிளேடுப் பணத்தைத் தனியே ஒதுக்க வேண்டும். மாதம் 500 அல்லது 750 ரூபாய்க்கு ஆறு மாத அல்லது ஓராண்டுத் தொடர்வைப்பு தொடங்கினால், கருவியின் பழுதுக்கோ அடுத்த கருவிக்கோ அது உதவும். அன்றாடப் பிளேடுக்குரிய பணத்தை மட்டும் தொடர்வைப்பில் பூட்டவேண்டாம். அது சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.

கடையிலும் இணையத்திலும் சொல்லும் "வட்டியில்லாத் தவணை" குறித்து ஒரு சொல். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியை விட்டுக்கொடுப்பதாகவோ, பரிசீலனைக் கட்டணமாகவோ வட்டி எங்கோ ஒளிந்திருக்கும். கடன் அட்டைத் தவணையாயின் வட்டிப் பகுதியின்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். ரொக்க விலை என்ன, தவணையில் மொத்தம் கட்டுவது என்ன என்ற இரு எண்களைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டால் போதும்.

கைவினைஞர்களுக்குச் சலுகைக் கடன்களும் உண்டு. 2023 செப்டம்பர் 17 அன்று மத்திய அரசு தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் தச்சர், கொத்தனார், பூட்டுத் தொழிலாளர், படகு கட்டுவோர் உள்ளிட்ட 18 தொழில்கள் அடங்கும். பதிவும் சரிபார்ப்பும் முடிந்து அடிப்படைப் பயிற்சி பெறுவோருக்குக் கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை இ-ருபி மின்சீட்டாக அளிக்கப்படுகிறது. பிணையில்லாக் கடன் முதற்கட்டமாக 1 லட்சம் வரை 18 மாதத்திற்கும், அதைச் சரிவரக் கட்டியபின் 2 லட்சம் வரை 30 மாதத்திற்கும் கிடைக்கும். பயனாளி செலுத்தும் வட்டி ஆண்டுக்கு 5 சதவீதம். 1 லட்சம் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 5,780 ரூபாய். 18 மாதத்தில் செலுத்தும் மொத்த வட்டி சுமார் 4,000 ரூபாய். குடும்பத்தில் ஒருவருக்கே வாய்ப்பு. முத்ரா அல்லது ஸ்வநிதிக் கடன் நிலுவையில் இருப்பவர் அதை முழுவதும் அடைத்தபின் விண்ணப்பிக்கலாம். மின்பணியாளரும் குழாய்ப் பணியாளரும் அந்த 18 தொழில்களில் இல்லை. அவர்களுக்கு 50,000 ரூபாய் வரையிலான முத்ரா சிசு கடனே எளிய வழி. தமிழ்நாட்டில் உள்ள கைவினைஞர்களுக்கு மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. அதில் கடன் தொகையில் 25 சதவீதம், 50,000 ரூபாய் வரை மானியமாகக் கிடைக்கும். ஊரில் உறவினர் இத்தொழிலில் இருந்தால் சொல்லிவையுங்கள்.

எந்த வழியில் வாங்கினாலும் ரசீது கேட்டு வாங்குக. கருவிக்கும் பிளேடுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. பதிவுபெற்று வழக்கமான முறையில் வரி கட்டுவோர், தம் ஜி.எஸ்.டி. எண்ணுள்ள ரசீது இருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். இணக்க முறையில் இருப்போருக்கு அது இல்லை. பதிவே இல்லாதவருக்கும் உத்தரவாதக் காலத்தில் ரசீதுதான் சாட்சி.

பிளேடை நீண்ட நாள் உழைக்கச் செய்வது கடனுக்கு வட்டி குறைவதற்குச் சமம். அழுத்தி அறுக்காதீர்கள்; கருவியை இலேசாக முன்னும் பின்னும் அசைத்து மரத்தூள் வெளியேற இடம் கொடுங்கள். தூள் அடைத்துக்கொண்டால் பல் சூடேறும். எஃகின் நிறம் நீலமாக மாறினால் அதன் கடினம் போய்விட்டது என்று பொருள். உலோகத்தை அறுக்கும்போது வேகத்தைக் குறையுங்கள். அரைவட்டப் பிளேடில் ஓர் இடத்துப் பல் தேய்ந்தால் பிளேடைக் கழற்றித் தலையில் சற்றுத் திருப்பிப் பொருத்த, தேயாத பல் வெட்டுமிடத்துக்கு வரும். இதை அறியாமல் பாதிப் பிளேடைத் தூக்கியெறிபவர்கள் பலர். பல் முழுதும் போன எஃகுப் பிளேடின் முனையைச் சாணையில் தட்டையாகத் தீட்டினால் பசை வழிக்கும் தகடாக இன்னும் சில மாதம் உழைக்கும். சாணை பிடிக்கும்போது கண்ணாடி அணிவது கட்டாயம். கம்பியுள்ள கருவியில் கார்பன் பிரஷ் தேய்ந்து கருவி விட்டுவிட்டு ஓடினால் மோட்டார் போயிற்று என்று அஞ்சவேண்டாம். பிரஷ் மாற்றுவது சிறு செலவு.

பாதுகாப்பில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். சுவரிலோ அலமாரியின் முதுகிலோ அறுக்கும் முன் அந்த அறையின் எம்.சி.பி.யை அணைத்துவிடுங்கள், உள்ளே மின்கம்பி எங்கே செல்கிறது என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது. கிரவுட்டும் டைல்ஸும் எழுப்பும் நுண்தூசியில் சிலிகா உண்டு; நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. துணி கட்டினால் போதாது. என்-95 தரமுள்ள முகக்கவசம் வேண்டும். ஒரு பிளேடின் விலையில் அதைப் பல முறை வாங்கலாம்.

எங்கள் தச்சரின் கதை எங்கே நின்றது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மறுவாரம் அவரைக் கிளைக்கு வரச்செய்து, ஒரு தாளில் மேற்கண்ட கணக்கை அவருடைய எண்களைக் கொண்டே போட்டோம். பிளேடு அத்தனை விரைவில் தீர்ந்ததன் காரணமும் அப்போதுதான் வெளிப்பட்டது. ஜிக்சா செய்யவேண்டிய நீள வெட்டுகளையும் புதிய கருவியின் ஆர்வத்தில் மல்டி டூலிலேயே செய்திருக்கிறார். தனித்தலைக் கருவியைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, பொதுத்தலையுள்ள பழைய கருவி ஒன்றைத் தெரிந்தவரிடம் வாங்கிக்கொண்டார். ஒரு வேலையின் முன்பணம் வந்ததும் நிலுவைத் தவணைகளுள் ஒன்றைக் கட்டினார். மற்றொன்றை அடுத்த மாதம் கட்டினார். 90 நாள் எல்லைக்கு அப்போது பதினோரு நாள்கள் இருந்தன.

இப்போது அவர் தரும் விலைப்பட்டியலில் "பிளேடு" என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. வீட்டுக்காரர்கள் சிலர் அதைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறார்களாம். அப்போது மழுங்கிய பிளேடு ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவதாகச் சொன்னார். எங்கள் கிளையிலும் கருவிக் கடன் விண்ணப்பத்தோடு இப்போது ஒரு தாள் கூடுதலாக இணைக்கிறோம். "மாதந்தோறும் தீரும் பொருள்கள், அவற்றின் விலை, அப்பணம் வரும் வழி" என்பது அதன் தலைப்பு. தையல்காரரானால் ஊசியும் நூலும், சலூன்காரரானால் பிளேடும் துண்டும் அதில் இடம்பெறுகின்றன. கருவி வாங்கக் கடன் கேட்டு வருவோர் அந்தத் தாளை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்தால் எங்களுக்கும் நேரம் மிச்சமாகும்.